தானம் வந்த மாடு இல்லை, பல்லைப் பிடித்துப் பார்க்கலாம்!

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்று ஒரு பழமொழி உண்டு. சும்மா கிடைத்ததில் நொட்டை சொல்லாதே என்று அர்த்தம். நியாயம்தான். ஆனால் காசை எண்ணிக் கொடுத்து வாங்குகிற பழைய பைக்குக்கும் இதே பழமொழியைக் கடைப்பிடிக்கிறார்களே, அதுதான் கொடுமை.

கால் கிலோ கத்தரிக்காய்க்கு ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொத்தை தேடுகிற ஆட்கள்தான், யமஹா ஆர்.எக்ஸ். 100 என்று காதில் விழுந்ததும் புத்தியைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். 1985-ல் வந்து 1996-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. கடைசியாக வந்த வண்டிக்கே கிட்டத்தட்ட முப்பது வயது. தேய்மானக் கணக்குப்படி எப்போதோ பூஜ்யத்துக்கு வந்திருக்க வேண்டிய சொத்துக்கு லட்சம் ரூபாய் வரை விலை சொல்கிறார்கள். வாங்கப் போகிற கல்லூரிப் பையன் பார்ப்பது மூன்றே மூன்று விஷயம். மீட்டரில் கிலோமீட்டர் எவ்வளவு? பெயின்ட் பளபளக்கிறதா? சைலன்சரில் "அந்த" சத்தம் வருகிறதா? முடிந்தது. அப்பா சீட்டு எடுத்துக் கொடுத்த பணம் கை மாறிவிடும்.

இந்த மூன்றுக்கும் எஞ்சினுக்கும் சம்பந்தமே இல்லை என்பதுதான் வேடிக்கை!

மீட்டரை எடுத்துக்கொள்வோம். முன் சக்கரத்திலிருந்து ஒரு கேபிள் போகிறது. அது சுற்றினால்தான் எண் நகரும். கேபிள் அறுந்தாலும், கழற்றிப் போட்டாலும் வண்டி ஓடும், மீட்டர் ஓடாது. பல பழைய மீட்டர்களில் கிலோமீட்டருக்கு ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினால் மறுபடி சைபர். "முப்பதாயிரம்தான் தம்பி ஓடியிருக்கு" என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், முன்னால் ஒரு லட்சத்தைச் சேர்த்துக்கொண்டால்! பெயின்டோ வெளியே அடிப்பது. சைலன்சரோ கடையில் புதிதாகக் கிடைப்பது.

பார்க்க வேண்டிய பல் வேறு இடத்தில் இருக்கிறது.

ஆர்.எக்ஸ். 100 சிலிண்டரின் விட்டம் 50 மி.மீ. உள்சுவர் தேய்ந்தால் லேத்தில் கொடுத்துக் கடைந்து, 0.25 மி.மீ. பெரிய பிஸ்டன் போடுவார்கள். அடுத்த முறை 0.50, பிறகு 0.75, பிறகு 1.00. அதற்கு மேல் சிலிண்டரையே மாற்றும் யோசனைதான். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை கிலோமீட்டர்?" அல்ல, "எத்தனையாவது போர்?" இந்தக் கேள்விக்கு விற்பவர் முழித்தாலோ, எரிச்சல்பட்டாலோ, கடைசி போர் ஓடுகிறது என்று வைத்து விலை பேசுவதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்தது, எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். இது ரொம்ப முக்கியம். நாலு பேர் வரப்போகிறார்கள் என்று தெரிந்தால் விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பார். சூடான எஞ்சின் அரை உதையில் ஸ்டார்ட் ஆகும். ராத்திரி முழுக்க நின்ற வண்டிதான் காலையில் உண்மையைச் சொல்லும். அதனால் போனதும் எஞ்சின் பக்கம் கையைக் கொண்டுபோய்ச் சூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு கிக்கரைக் கையாலேயே மெதுவாக அழுத்த வேண்டும். ஓரிடத்தில் திமிறினால் கம்ப்ரஷன் இருக்கிறது. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கினால் இல்லை.

ஸ்டார்ட் ஆன பிறகு புகை. இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிவதால் கொஞ்சம் புகை சகஜம். 1994-ல் வந்த ஸ்ப்ளெண்டர் மாதிரி ஃபோர் ஸ்ட்ரோக்கில் நீலப் புகை வந்தால் விஷயம் வேறு. ஆக்ஸிலேட்டர் முறுக்கும்போது வந்தால் ரிங், பிஸ்டன் தேய்மானம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வந்து அடங்கினால் வால்வு சீல். ஆனால் டூ ஸ்ட்ரோக்கிலும் சூடான பிறகு வெள்ளையாக மண்டிக்கொண்டே இருந்தால், கிளட்ச் பக்கத்து சீல் போய் கியர் ஆயிலை எஞ்சின் குடிக்கிறது என்று சந்தேகப்படலாம். ஐடிலில் விட்டால் சத்தம் தானாக ஏறுகிறதா? மேக்னெட் பக்கத்து சீல் வழியே காற்று போகலாம். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் சூடாகிப் பிடித்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் பின் சக்கரம் திடீரென்று பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கட்டும், சத்தத்துக்கு மயங்குகிறவர்கள்.

எஞ்சினோடு நிறுத்திவிடவும் கூடாது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பினால் நடுவில் ஒரு பள்ளத்தில் விழுகிற மாதிரி இருந்தால் கோன் செட் போச்சு. பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஸ்விங் ஆர்ம் புஷ் கதை தெரியும். ஹேண்டில் கழுத்தை ஒட்டிய ஃபிரேமில் புது வெல்டிங்கோ, அங்கே மட்டும் தனி பெயின்டோ இருந்தால் வண்டி எதிலோ மோதியிருக்கலாம். எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போகவில்லை என்றால் பேச்சே வேண்டாம்.

"இவ்வளவு சந்தேகப்பட்டா எப்படி தம்பி, ஒரு நம்பிக்கை வேணாமா?" என்பது விற்பவர்களின் கடைசி அஸ்திரம். இதைக் கேட்டதும் பையன் கூச்சப்பட்டு, "சரிங்கண்ணே" என்று பணத்தை நீட்டிவிடுகிறான். சட்டம் கூச்சப்படுவதில்லை. பி.காம். மாணவர்கள் மனப்பாடம் செய்து பரீட்சையோடு மறந்துவிடும் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? பொதுவிதி, வாங்குபவனே உஷாராக இருக்க வேண்டும் என்பது. வியாபாரியிடம் வாங்கினால் சரக்கு தரமாக இருக்க வேண்டும் என்று ஒரு விலக்கு உண்டு. ஆனால் வாங்குபவர் பொருளைச் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு அந்த விலக்கும் கிடையாது. அதாவது ஒப்புக்குச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, பிறகு "ஏமாத்திட்டாங்க" என்று அழுதால் கேட்க நாதியில்லை.

"அதுக்குத்தான் மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போறோமே" என்பார்கள். நல்லது. ஆனால் யாருடைய மெக்கானிக்? விற்பவர் காட்டிய மெக்கானிக்குக்கு இரண்டு பக்கமும் கமிஷன் இருக்கலாம். வண்டி விற்றாலும் விற்காவிட்டாலும் தன் கூலி மட்டும் வாங்கிக்கொள்கிற ஆள்தான் வேண்டும். சில நூறு ரூபாய் போகும். போகட்டுமே, ஒரு போர் செலவைவிடக் குறைவுதான்.

நேர்மையான விற்பனையாளர் இந்தச் சோதனைக்கெல்லாம் பயப்பட மாட்டார். பிளக்கை அவரே கழற்றிக் காட்டுவார். எஞ்சின் சூடாக இருந்தால், "அண்ணே, நாளைக்குக் காலையில வர்றேன், அதுவரைக்கும் உதைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பலாம். "அதெல்லாம் முடியாது, இப்பவே எடுத்துக்கோ" என்றால் இருக்கவே இருக்கிறது பஸ் பாஸ்.