நேசனின் பழைய தாள்கள் யாருக்குச் சொந்தம்?

கோலாலம்பூரில் 1924 செப்டம்பர் 10 அன்று நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய 'தமிழ் நேசன்' நாளிதழ் 2019 பிப்ரவரித் தொடக்கத்தோடு நின்றுபோனது. நட்டம் தாங்க முடியவில்லை என்றது நிர்வாகம். அதற்கு இரண்டு மாதங்கள் முன்புதான், 1896இல் இதே நகரில் பிறந்த 'மலாய் மெயில்' ஆங்கில நாளிதழ் தன் அச்சுப் பதிப்பை நிறுத்தியிருந்தது. காகிதத்துக்கே கெட்ட காலம் என்று சொல்லி நேசனின் மூடலை நாம் எளிதாகக் கடந்துவிட்டோம். நிறுவனம் போனது வருத்தம்தான். அதைவிட எனக்கு உறுத்துவது அது விட்டுச்சென்ற தாள்களின் கதி.

அந்தத் தாள்களில் என்ன இருக்கிறது? 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நேசனில் நடத்திய 'கதை வகுப்பு' இருக்கிறது. கதை எழுதுவது எப்படி என்று ஒரு நாளிதழ் தன் வாசகர்களுக்குப் பாடம் நடத்தியது. மலேசியத் தமிழ்ச் சிறுகதை எழுத்தாளர்கள் பலர் அந்த வகுப்பில் தேறி வந்தவர்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து நேசனின் ஆசிரியரான முருகு சுப்பிரமணியன், பின்னாளில் சிறுகதைகளுக்குப் பவுன் பரிசு அறிவித்தார். தோட்டத்தில் பால் மரம் சீவிய கையால் எழுதியவரின் கதைக்கும் ஒரு பவுன் உண்டு என்பது அன்றைக்குச் சிறிய செய்தியல்ல. நூல் போட வசதியில்லாதவர்களுக்கு ஞாயிறு பதிப்புதான் புத்தகம். அவர்கள் எழுதியவற்றில் பெரும்பகுதி இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது.

இலக்கியத்தை விடுங்கள். நினைவஞ்சலிப் பக்கங்களைப் பாருங்கள். ஒரு படம், பெயர், மறைந்த நாள், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று வரிசை. சிலவற்றில் பிறந்த ஊரும் வாழ்ந்த தோட்டமும் கூட இருக்கும். துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் பெயர் மறைந்த ரப்பர் தோட்டங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனை! அந்த மண்ணில் இன்று வீடமைப்புத் திட்டங்களும் நெடுஞ்சாலைகளும் நிற்கின்றன. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் யார் யார் இருந்தார்கள் என்று தேடும் பேரனுக்கு அந்த நினைவஞ்சலிக் கட்டங்களை விட்டால் ஆதாரம் அதிகம் இல்லை.

பத்திரிகையும் குற்றமற்றதாக இருக்கவில்லை. பிற்காலத்தில் நேசன் மலேசிய இந்தியக் காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சியின் தலைவர் ச. சாமிவேலுவின் குடும்பத்தின் கைக்கு வந்தது. 1980களில் கட்சிக்குள் சாமிவேலுவின் அணியும் அவரை எதிர்த்த சுப்ரமணியத்தின் அணியும் மோதியபோது அந்தச் சண்டை தமிழ் நாளிதழ்களின் பக்கங்களிலும் நடந்தது. ஆதி. குமணன் போன்ற ஆசிரியர்களுக்கு வாசகர் கூட்டம் திரண்டதற்கு அந்தச் சூடும் ஒரு காரணம். 1984ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி, 2012இல் திருத்தம் வரும்வரை, ஆண்டுதோறும் பத்திரிகை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அப்படியொரு சூழலில் செல்வாக்கு இல்லாதவரால் பத்திரிகை நடத்துவது கடினம். செல்வாக்கு உள்ளவர் நடத்தினால் வாசகர் ஐயப்படுவார். இந்த இக்கட்டிலிருந்து நம் நாளிதழ்கள் முழுமையாக வெளியே வரவே இல்லை. ஒரு கட்சித் தலைவரின் ஏடு என்று நினைத்து விலகிய வாசகரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஐயத்தோடு சேர்த்து முந்தைய அறுபது ஆண்டுத் தாள்களையும் நாம் கைவிட்டதுதான் தவறு.

சிங்கப்பூரைப் பார்க்கலாம். கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு' இன்றும் வருகிறது. அதன் பழைய இதழ்களை அந்நாட்டுத் தேசிய நூலகம் மின்வடிவமாக்கியிருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஒரு தலையங்கத்தைக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் தேநீர்க் கடையில் அமர்ந்தபடி கைப்பேசியில் படிக்கலாம். அதே காலத்து நேசனைப் படிக்க விரும்புகிற மாணவர் நூலகம் நூலகமாக ஏறி இறங்க வேண்டும். பழுப்பேறிய தாள் விரல் பட்டாலே உதிரும்.

மின்வடிவமாக்க ஆகும் செலவு நம் சமூகத்துக்குப் பெரிதல்ல. கோயில் திருவிழாக்களுக்கு நாம் செலவிடுவதில் சிறு பங்கு போதும். மலேசியத் தேசிய நூலகம், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை, மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கம் ஆகிய மூன்றும் ஒரே மேசையில் அமர்ந்து, எந்த ஆண்டு இதழ் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை முதலில் போடட்டும். பழைய கட்டுகளைப் பரணில் வைத்திருக்கும் குடும்பங்கள் பழைய பேப்பர்காரரை அழைப்பதற்கு முன் அந்த அமைப்புகளுக்கு ஒரு தகவல் சொல்லட்டும்.