வாயைப் பார்க்காத வைத்தியம் எதற்கு?



இந்நாட்டு ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வெற்றிலை போடும் நம் பெண்களுக்கும் அது வருகிறது. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வாயைத் திறக்க முடியாமை: இவற்றைக் கண்டுபிடிக்க ஒரு டோர்ச்சும் இரண்டு நிமிடமும் போதும். நமக்கோ வலி மாத்திரைதான் கிடைக்கிறது. முற்றிய பிறகு மகரகமவுக்குத் துண்டு எழுதுகிறார்கள்.

'நேரமில்லை, ஆளில்லை' என்கிறார்கள். இதே இலங்கையில் 34 ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஒரே வருடத்தில் 28 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் வாயைப் பரிசோதித்தார்கள். 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையிலேயே அது வெளிவந்தது. சுகாதார ஊழியரால் முடிந்தது பட்டம் பெற்ற டொக்டரால் முடியாதா?

நமது கோரிக்கைகள்:
1. தோட்டப்பகுதிக்கு வரும் ஒவ்வொரு புதிய டொக்டருக்கும், தோட்ட வைத்திய உதவியாளருக்கும் வாய்ப் பரிசோதனைப் பயிற்சி.
2. வெற்றிலை போடும் எல்லோருக்கும் வருடம் ஒருமுறை பரிசோதனை.
3. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பப்படும் நாளுக்கு முழுப் பேர்.

வெற்றிலையை விடுங்கள். டொக்டர் கேட்காவிட்டாலும் வாயைத் திறந்து காட்டுங்கள். பார்க்க மறுத்தால் தோட்டத் தலைவரிடம் அன்றே சொல்லுங்கள்.