திருப்பி விட்டுட்டா சரியாப் போச்சா?



சென்ற இதழில் "எங்க ஊர்ப் பொங்கல்" என்று நாலு பேர் எழுதியிருந்தீர்கள். கரும்பு வந்தது, கோலப்போட்டி வந்தது, உறியடி வந்தது. ஒரு விஷயத்தை மட்டும் யாரும் எழுதவில்லை. எழுதினால் வம்பு என்று விட்டுவிட்டீர்களோ என்னவோ! அதை நான் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டணும்னு தோன்றினால் இடைவேளையில் நேரில் வந்து திட்டலாம். தாளை மட்டும் கிழித்துவிடாதீர்கள். கையெழுத்து நன்றாக இருக்கணும்னு ரெண்டு தடவை எழுதினது.

நான் சொல்ல வந்தது வங்காநரி பிடிப்பதைப் பற்றி.

வெளியூரிலிருந்து வந்த ஆசிரியர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். சேலம் மாவட்டத்தில் வாழப்பாடி பக்கம் சில ஊர்களில் பொங்கல் சமயத்தில் கரட்டுப் பக்கம் வலை கட்டி நரி பிடிப்பார்கள். அதை மேளதாளத்தோடு ஊருக்குக் கொண்டுவந்து, மாலை போட்டு, கோவில் முன்னால் காலில் கயிறு கட்டி ஓட விடுவார்கள். பிறகு பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். இதற்குப் பெயர் வங்காநரி ஜல்லிக்கட்டு. நரி முகத்தில் முழிச்சா நல்லது நடக்கும், மழை பெய்யும், வெள்ளாமை விளையும் என்பது பெரியவர்கள் நம்பிக்கை.

நான் வெளியே நின்று குறை சொல்பவன் இல்லை. எங்கள் வீட்டிலேயே வலை இருக்கிறது. எங்க தாத்தா பின்னியது. ஏழாம் வகுப்பு படிக்கும்போது நானும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். பிடிபட்ட நரியை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பக்கத்தில் பார்த்தேன். வாயைக் கட்டியிருந்தார்கள். எல்லாரும் விசில் அடித்தார்கள், நானும் அடித்தேன். அதன் விலா மட்டும் தையல் மிஷின் மாதிரி படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. பயத்தில் நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டது. அதைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. எனக்கு அப்புறம் விசில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் கேட்டேன், "பாவமில்லையா தாத்தா?" என்று. அவர் சொன்னார், "கொல்றமாடா கண்ணு? கும்புட்டுட்டுத் திருப்பி விட்டுடறோமே."

இந்தப் பேச்சை நீங்களும் உங்கள் வீட்டில் கேட்டிருப்பீர்கள். ரெண்டு வருஷமாக எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. நூலகத்தில் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் வங்காநரி யார்? ராத்திரி ஊளையிடுமே, அந்த நரியை நினைக்காதீர்கள். அது வேறு, ஆளும் பெரிசு. வங்காநரி பூனையைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. எடை 2 முதல் 3 கிலோ வரை இருக்கும். காது பெரிசு, கால் ஒல்லி, வாலின் நுனி மட்டும் மையில் தொட்ட மாதிரி கறுப்பு. இந்தியத் துணைக்கண்டத்தைத் தவிர உலகத்தில் வேறு எங்கேயும் இது கிடையாது! அடர்ந்த காட்டுக்குள் இருக்காது. நாம் "சும்மா கிடக்குது" என்று சொல்லும் தரிசும் மேய்ச்சல் நிலமும் முள்ளுக்காடும்தான் அதன் வீடு. மண்ணில் வளை தோண்டும். ஒரே வளைக்குப் பல வாசல் வைத்திருக்கும்.

அது என்ன தின்னும்? எலி, வெட்டுக்கிளி, வண்டு, கரையான், நண்டு. கிடைத்தால் இலந்தைப்பழமும் தின்னும். தின்ற விதை எச்சத்தோடு வேறொரு இடத்தில் விழும். கடலைக்காட்டில் எலி எவ்வளவு நாசம் பண்ணும் என்று விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டி சுட்ட வடைக்காக நரியை ஒண்ணாம் வகுப்பிலிருந்து திட்டிக்கொண்டே இருக்கிறோம். நிஜ நரியோ நமக்காக ராத்திரியெல்லாம் எலி பிடிக்கிறது. இதுவரை கூலி கேட்டதில்லை.

இப்போது தாத்தாவின் கேள்விக்கு வருகிறேன். திருப்பி விட்டுட்டா சரியாப் போச்சா? இல்லை என்பதற்கு மூன்று காரணம் சொல்கிறேன்.

ஒன்று, மாசம். வங்காநரி பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில்தான் ஜோடி சேரும். 50 நாளுக்கு மேல் குட்டி வயிற்றில் இருக்கும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும் குட்டி போடும் காலம். ஒரு ஈற்றுக்கு 2 முதல் 4 குட்டி. தாயும் தகப்பனும் சேர்ந்துதான் குட்டிகளைப் பார்த்துக்கொள்ளும். நாம் வலை கட்டுவது எப்போது? சரியாகத் தைப்பொங்கலுக்கு! பிடிபட்டது பெட்டை நரியாக இருந்தால் அது சினையாகவும் இருக்கலாம். மாசமாக இருக்கும் அக்காவுக்கு வளைகாப்பு போட்டு, வெயிட் தூக்காதே, வேகமாக நடக்காதே என்று பார்த்துப் பார்த்துக் கவனிக்கிற ஊர் நம் ஊர். நரியின் வளைக்குக் காப்பு இல்லையே!

இரண்டு, பயம். பயம்தானே, போயிரும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. காட்டு விலங்கைத் துரத்திப் பிடித்துக் கட்டி வைத்தால், பயத்திலும் திமிறலிலும் அதன் தசையே சிதைய ஆரம்பிக்கும். அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும், இதயத்தையும் பாதிக்கும். விலங்குகளைக் காப்பாற்றுவதற்காகப் பிடிக்கிற மருத்துவர்கள்கூட இதற்குப் பயந்துதான் கண்ணை மூடி, சத்தம் இல்லாமல், சீக்கிரம் வேலையை முடிப்பார்கள். நாம் மேளம் அடிக்கிறோம்! இந்தப் பாதிப்பு வந்த விலங்கு உடனே சாகும் என்று இல்லை. சில மணி நேரம் கழித்தோ சில நாள் கழித்தோ சாகலாம். "விட்டதும் நல்லாத்தானே ஓடுச்சு" என்கிறோம். மறுநாள் அந்த நரியை யாராவது போய்ப் பார்த்தோமா?

மூன்று, நோய். ஊர்வலம் வரும்போது பின்னாலேயே யார் வருகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? நம்ம தெரு நாய்கள். நாய்களுக்கு டிஸ்டெம்பர் என்று ஒரு வைரஸ் நோய் வரும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், கழிச்சல் எடுக்கும், கடைசியில் இழுப்பு வரும். இந்த நோய் நரிக்கும் வரும். தடுப்பூசி போடாத நாய் கூட்டத்துக்கு நடுவில் நரியைக் கட்டி வைத்து, பிறகு காட்டில் விடுகிறோம். அது நோயை வாங்கிக்கொண்டு போனால், வளைக்குள் இருக்கும் ஜோடிக்கும் சேர்த்துக் கொடுத்துவிடும்.

பயமுறுத்தச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவில் மரம் ஏறும் சாம்பல் நரி என்று ஓர் இனம் உண்டு. அதன் வம்சத்தில் வந்த தீவு நரி கலிபோர்னியா கடற்கரைக்கு எதிரே உள்ள தீவுகளில் வாழ்கிறது. அதுவும் பூனை அளவுதான், நம் வங்காநரி மாதிரி. சாண்டா கட்டலினா என்ற தீவில் சுமார் 1,300 நரிகள் இருந்தன. 1999-ல் டிஸ்டெம்பர் உள்ளே வந்தது. மிஞ்சியது சுமார் 100! அப்புறம் மிச்சம் இருந்தவற்றைப் பாதுகாத்து வளர்த்து, தடுப்பூசி போட்டு, பல வருஷம் பாடுபட்டுத்தான் மறுபடியும் ஆயிரத்துக்கு மேல் கொண்டுவந்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? நம் நாட்டில் குஜராத்தின் கிர் காட்டில் 2018-ல் சில வாரத்துக்குள் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. பரிசோதித்ததில் இதே வைரஸ் இருப்பது தெரிந்தது. சிங்கத்துக்கே அந்தக் கதி என்றால் 3 கிலோ நரி எம்மாத்திரம்?

நமக்கும் ஆபத்து உண்டு. நரி கடித்தாலும் வெறிநோய் வரலாம். அதைத் தொட்டுக் கும்பிடச் சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்!

"காளைக்கு மட்டும் ஜல்லிக்கட்டு வேணும்னு போராடினீங்களே" என்று என் நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. 2017-ல் சட்டத்தைத் திருத்தி ஜல்லிக்கட்டை மீட்டோம், உண்மைதான். ஆனால் காளை நம் வீட்டுப் பிள்ளை. பருத்திக்கொட்டை வைத்து, பெயர் வைத்து, உடம்புக்கு ஒன்று என்றால் மாட்டு டாக்டரைக் கூப்பிட்டு வளர்க்கிறோம். நரி நம் கையில் ஒரு வாய் தின்றதில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதே குற்றம். சிறையும் உண்டு, அபராதமும் உண்டு. சிவபெருமான் நரியைப் பரியாக்கியதாகப் படித்திருக்கிறோம். நாம் நரியைக் காளையாக்கப் பார்க்கிறோம்!

அதற்காகப் பெரியவர்களின் பக்தியை நான் கேலி செய்யவில்லை. மழை வேண்டும் என்றுதானே கேட்கிறார்கள்? என் யோசனை இதுதான். ஐயனார் கோவிலில் மண்குதிரை செய்து வைக்கிறோம். உயிருள்ள குதிரையையா கட்டி வைக்கிறோம்? அதே மாதிரி ஏரி மண்ணில் ஒரு வங்காநரி செய்வோம். வால் நுனிக்குக் கறுப்பு அடிப்போம். மேளம் அடிப்போம், மாலை போடுவோம், காலையில் எழுந்து அதன் முகத்தில் முழிப்போம். ஓவிய ஆசிரியர் மனசு வைத்தால் நம் பள்ளியிலேயே செய்யலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் தாத்தாவிடம் சொன்னேன். "மண்ணு நரி ஓடுமாடா?" என்று சிரித்தார். மாசக் கணக்கைச் சொன்னபோது மட்டும் சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் வெற்றிலை மென்றுகொண்டே இருந்தார். அப்புறம் கேட்டார், "அன்னிக்கு நாம புடிச்சது சினையா இருந்திருக்குமோ?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். யாருக்குமே தெரியாது. யாரும் பார்க்கவில்லையே.

வலை இன்னும் எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. இந்தத் தையில் அது இறங்குமா, அங்கேயே இருக்குமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நான் கூடப் போக மாட்டேன். விசில் அடிக்கவும் மாட்டேன். தோழர்களே, வேடிக்கை பார்க்கக் கூட்டம் இல்லாவிட்டால் எந்த விளையாட்டும் நாலு வருஷத்தில் தானாக நின்றுவிடும். அந்தக் கூட்டத்தில் பாதி நாம்தான்!

அதனால் மூன்று வேண்டுகோள். நரி பிடிக்க யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். வீட்டு நாயைக் கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப்போய்த் தடுப்பூசி போடுங்கள். இந்தக் கட்டுரையில் உள்ள மாசக் கணக்கை மட்டுமாவது உங்கள் வீட்டுத் தாத்தாவிடம் சொல்லுங்கள். கோபப்பட்டால் பரவாயில்லை, எங்க தாத்தா மாதிரி அவரும் யோசிப்பார்.

வங்காநரியை வளையிலேயே விடுவோம்! பொங்கலை எல்லா உயிருக்கும் பொங்கலாக்குவோம்!



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்