இல்லாத ஊரின் ஓசை

‘பேசும் படம்’ என்னும் திரைப்படத்தில் எவரும் பேசுவதில்லை. சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கத்தில் 1987ஆம் ஆண்டு வெளிவந்த அப்படம் பெங்களூருவில் எடுக்கப்பட்டது. கமல்ஹாசன் ஏற்றுநடித்த வேலையற்ற இளைஞன், திரையரங்கை ஒட்டிய சிறிய அறையொன்றில் வாழ்கிறான். சண்டைக் காட்சிகளின் இரைச்சல் இரவுதோறும் அவன் அறைக்குள் வந்து விழுகிறது. பின்னர் ஒரு செல்வரின் இடத்தைப் பிடித்துக்கொண்டு நட்சத்திர விடுதிக்குக் குடிபெயர்கிறான். (அவன் அதற்குக் கையாளும் வழி நேர்மையானதன்று, அது வேறு கதை.) மெத்தை மென்மையாக இருக்கிறது, அறை குளிர்ந்திருக்கிறது. உறக்கம் மட்டும் வரவில்லை. பழைய அறைக்குச் சென்று, அந்த இரைச்சலை ஒலிநாடாவில் பதிந்து வந்து, அதை ஓடவிட்ட பிறகே அவன் கண்கள் மூடுகின்றன.

பார்ப்போர் சிரிக்கும் காட்சி அது. கணினி விளையாட்டுக்கு இசையமைக்க விரும்பும் இளையோருக்கு அதனினும் நல்ல முதற்பாடம் கிடைப்பது அரிது. ஓர் இடம் என்பது கண்ணில் மட்டும் இருப்பதில்லை, செவியிலும் குடியிருக்கிறது.

அப்படத்திற்குப் பின்னணி இசை அமைத்தவர் எல். வைத்தியநாதன். உரையாடலே இல்லாத படத்தில் இசையமைப்பாளருக்குச் சுமை மிகுதி. அதே காலக்கட்டத்தில் அவர் மற்றொரு கடினமான பணியையும் ஏற்றார். இல்லாத ஓர் ஊருக்கு இசையமைத்தார். அவ்வூர் மால்குடி. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு, ஆங்கிலத்தில் எழுதிய ஆர். கே. நாராயண், 1930ஆம் ஆண்டு விசயதசமி நாளில் பெங்களூருவில் தம் பாட்டியின் வீட்டில் இருந்தபோது எழுதத் தொடங்கிய கற்பனை ஊர் அது. அவர் மனத்தில் முதலில் தோன்றியது அவ்வூரின் இரயில் நிலையம். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் சங்கர் நாக் அக்கதைகளைத் தொலைக்காட்சித் தொடராக்கியபோது, கர்நாடகத்தின் மழையூரான ஆகும்பே மால்குடியாக மாறியது. வைத்தியநாதன் அதற்குப் பெரும் படை போன்ற இசைக்குழுவைத் திரட்டவில்லை. சொற்களற்ற ஒரு முணுமுணுப்பு. தெருவில் தனியே நடக்கும் சிறுவன் தனக்குத்தானே பாடிக்கொள்வது போன்ற ஒரு மெட்டு. அத்தொடரைக் கண்டு வளர்ந்தோர் இன்றும் அதை முணுமுணுப்பர். எந்த நிலப்படத்திலும் இல்லாத மால்குடி அந்த மெட்டில் இருக்கிறது.

இன்றைய பெங்களூரு கணினி விளையாட்டுகளுக்கும் பெயர்பெற்ற நகரம். இந்தியாவின் முன்னோடி விளையாட்டு நிறுவனங்களுள் ஒன்றான துருவா இன்டராக்டிவ் 1997இல் தொடங்கப்பட்டது இங்கேதான். வீட்டுக் கணினியிலேயே நூறு வயலின்களையும் இருபது கொம்புகளையும் ஒலிக்கச் செய்யும் மென்பொருள்கள் மாணவர் கைக்கு எட்டிவிட்டன. எனவே, இன்னும் உருவாகாத, தம் கற்பனையில் மட்டுமே உள்ள விளையாட்டுக்குக்கூட மாணவர் பலர் இசையமைத்துப் பார்க்கின்றனர். போற்றத்தக்க முயற்சி அது. ஆனால், அவ்வாறு உருவாகும் இசையில் பெரும்பகுதி ஒன்றுபோல் இருக்கிறது. தொடக்கத்திலேயே வயலின்கள் உயர்கின்றன, முரசுகள் அதிர்கின்றன, குழுப்பாடகர் குரல் எழுப்புகின்றனர். எந்த நாட்டு மலை, எந்த ஊர்க் காடு என்று கேட்போருக்குத் தெரிவதில்லை. ஆங்கிலப் படங்களில் கேட்ட மலையையே மீண்டும் கேட்கின்றனர்.

இதற்குப் பல்லியத்தைக் குறைகூறுவது பொருந்தாது. (தமிழர் பேச்சில் ‘ஆர்கெஸ்ட்ரா’ என்றால் திருமண மேடையில் திரைப்பாடல் பாடும் குழு என்றே பொருள். பல கருவிகள் சேர்ந்தொலிக்கும் பெருங்குழுவுக்குப் ‘பல்லியம்’ என்னும் பழந்தமிழ்ச் சொல் நன்கு பொருந்துகிறது.) வைத்தியநாதனின் தம்பி எல். சுப்பிரமணியம் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1958 கலவரத்திற்குப் பின் குடும்பத்தோடு சென்னைக்கு வந்தவர். பிற்காலத்தில் பெங்களூருவைத் தம் ஊராக்கிக்கொண்டவர். அவர் எழுதிய இசையை 1985இல் ஜுபின் மேத்தா தலைமையில் நியூயார்க் ஃபில்ஹார்மானிக் குழு வாசித்தது. இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி 2025 மார்ச் மாதம் இலண்டனில் அரங்கேறியது. வயலினே கடல் கடந்து வந்து கருநாடக இசையில் கலந்த கருவிதான். ஆகவே, குறை கருவியில் இல்லை. செவி திறக்குமுன் கருவியைத் திறப்பதில் இருக்கிறது.

விளையாட்டின் இசைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. திரைப்பட இசையமைப்பாளருக்கு ஒரு காட்சி எத்தனை நொடி நீளும் என்பது தெரியும். விளையாடுபவரோ ஒரு பாலத்தை மூன்று நொடியில் கடக்கலாம். அப்பாலத்தின் மீதே அரைமணி நேரம் நின்று ஆற்றைப் பார்க்கலாம். 1978இல் ஜப்பானில் வெளிவந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டில் நான்கே சுரங்கள் திரும்பத் திரும்ப ஒலிக்கும்; பகைவர் குறையக் குறைய அவற்றின் வேகம் கூடும். அந்த நான்கு சுரங்கள் விளையாடுபவரின் நெஞ்சைப் படபடக்கச் செய்தன. 2012இல் வந்த ‘ஜர்னி’ விளையாட்டிலோ, ஆஸ்டின் வின்டரி தனிவழி செல்லும் பயணிக்கு ஒற்றைச் செல்லோவைக் கொடுத்து, அவனைச் சூழ்ந்த உலகைப் பல்லியத்திடம் ஒப்படைத்தார்.

காலம் தெரியாமல் வாசிக்கும் இக்கலை தமிழருக்குப் புதியதன்று. கோயில் திருவீதி உலாவில் நாகசுரம் வாசிப்போர் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகின்றனர். சுவாமி புறப்படும்போது மல்லாரி. உலா ஓரிடத்தில் நின்றால் இராக ஆலாபனை விரிகிறது; நகர்ந்தால் சுருங்குகிறது. இறுதியில் பள்ளியறைக்கு நீலாம்பரி. எந்தத் தெருமுனையில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை உலாவே முடிவுசெய்கிறது, இசை பின்தொடர்கிறது. மென்பொருள் வல்லுநர் ‘அடுக்குகள்’ என்றும் ‘சுழற்சி’ என்றும் விளக்குவதை, அந்தக் கலைஞர்கள் மூச்சாலும் விரலாலும் செய்கின்றனர்.

ஒரு கற்பனை விளையாட்டை எடுத்துக்கொள்ளலாம். பெங்களூருவின் மெஜஸ்டிக் பேருந்து நிலையம் இருக்குமிடத்தில் முற்காலத்தில் தர்மாம்புதி என்னும் ஏரி இருந்தது. சேலத்திலிருந்து இரவுப் பேருந்தில் வந்திறங்கும் ஒரு சிறுமி, நடைமேடையின் அடியில் படிக்கட்டு ஒன்றைக் காண்கிறாள், இறங்குகிறாள், கீழே அந்தப் பழைய ஏரி அப்படியே இருக்கிறது. இவ்விளையாட்டுக்கு எப்படி இசையமைப்பது?

தொல்காப்பியம் ஒரு வழி காட்டுகிறது. நிலத்தின் கருப்பொருள்களாக அது கூறுபவற்றுள் உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையும் யாழும் இடம்பெறுகின்றன. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, பாலைக்குத் துடி என இலக்கண நூலார் வகுத்தனர். நிலம் மாறினால் ஒலியும் மாறவேண்டும் என்பது அவர்களுக்கு இயல்பாகவே தெரிந்திருந்தது.

அதற்காக, தமிழ் விளையாட்டு என்றாலே பறையையும் வீணையையும் ஒட்டவைப்பதும் தவறு. கிராமத்துப் பறையை நேரில் கேட்டறியாத மாணவர் அதைப் பதிவு நூலகத்திலிருந்து எடுத்துச் சேர்த்தால், அதுவும் ஆங்கிலப் பட முரசைப் போல இரவல்தான். பெங்களூருத் தமிழ்ப் பிள்ளையின் செவியில் வேறு பொருள்கள் உள்ளன: மெட்ரோவின் கன்னட அறிவிப்பு, அடுத்த வீட்டுத் தெலுங்கு, ஊரிலிருந்து தொலைபேசியில் உரக்கப் பேசும் பாட்டியின் குரல், சித்திரைப் பௌர்ணமி இரவில் பழைய பேட்டைத் தெருக்களில் கரகம் செல்லும்போது உடன்வரும் மேளம். இவ்வளவும் அவர்களது நிலத்தின் கருப்பொருள். டொராண்டோவில் உருவாகி 2023இல் வெளிவந்த ‘வெண்பா’ என்னும் விளையாட்டு, கனடாவுக்குப் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறையையே தன் உலகமாகக் கொண்டது. அங்கே வானொலியில் ஒலிப்பவை, பழைய தமிழ்த் திரைப்பாடல்களின் சாயலில் புதிதாக ஆக்கப்பட்ட பாடல்கள். அவ்விளையாட்டு 2024இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டுக்கான விருதைப் பெற்றது.

ஆகவே, மெஜஸ்டிக் சிறுமியின் இசையை அமைப்பவர் முதலில் விடியற்காலையில் அப்பேருந்து நிலையத்திற்குச் சென்று, கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்துவருதல் நலம். நடத்துநர் ஊர்ப்பெயர்களைக் கூவுவதில் ஒரு தாளம் இருக்கிறது. நின்று உறுமும் இயந்திரங்களில் ஒரு சுருதி இருக்கிறது. அந்தச் சுருதியையே பல்லியத்தின் அடிக்குரல் வயலின்களுக்குக் கொடுக்கலாம். சிறுமி ஒவ்வொரு படியாக இறங்க, கூவல் மங்கிச் சுருதி மட்டும் நிற்கும். நீர் தெரியும்போது ஒரு புல்லாங்குழல் போதும். ஏரியைக் கடக்கப் படகு கிடைத்த பிறகே முழுப் பல்லியமும் எழவேண்டும்.

அவள் படகில் ஏறாமல் கரையிலேயே அமர்ந்துவிட்டால்? விளையாடுபவர் உண்ணச் சென்றிருக்கலாம். வெறுமனே நீரைப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். அப்போது குழலும் ஓய்ந்துவிடட்டும். எங்கோ ஒரு தவளை. அதற்குப் பதில்சொல்லும் இன்னொன்று. தலைக்குமேல் வெகுதொலைவில், சேலத்துக்குத் திரும்பும் பேருந்தின் உறுமல்.