‘இதையெல்லாம் கட்டுரையில எழுதலாமா சார்?’

ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு பிற்பகல் இருந்தேன். “முன்னுரை வேண்டாம், உட்தலைப்பு வேண்டாம், முடிவுரையும் வேண்டாம். நேற்று உங்கள் தெருவில் பார்த்த ஏதாவது ஒன்றை எழுதுங்கள்” என்றேன். மகிழ்வார்கள் என்று நினைத்தேன். வகுப்பே வாயடைத்துப் போனது. “எத்தனை பக்கம் சார்?”, “மேற்கோள் போடணுமா சார்?”, “தலைப்பை நீங்களே சொல்லிடுங்க சார்.” கால் மணி நேரம் கழித்துச் சுற்றிவந்து பார்த்தால், பாதிப் பேரின் தாளில் ‘முன்னுரை’ என்ற ஒரு சொல்தான் இருந்தது. அதன் கீழே அடிக்கோல் வைத்துக் கோடும் இழுத்திருந்தார்கள்.

கடைசி வரிசையில் ஒரு மாணவி ஆறு வரி எழுதியிருந்தாள். ரேஷன் கடை மெஷினில் கைரேகை விழாமல் திரும்பிவந்த தன் ஆயாவைப் பற்றி. விரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து ஆயா மறுபடி மறுபடி வைத்ததை அப்படியே எழுதியிருந்தாள். தாளை நீட்டும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “இதையெல்லாம் கட்டுரையில எழுதலாமா சார்?”

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது நமக்குத் தெரியும். குறிப்புச் சட்டகம், உட்தலைப்பு, இடையில் ஒரு குறள், முடிவில் ஒரு சூளுரை என்று பல ஆண்டுகளாகப் பழகிய கை அது. சட்டகத்தை நான் குறை சொல்லவில்லை. எண்ணங்களை வரிசைப்படுத்தத் தெரியாத பிள்ளைக்கு அது நல்ல ஊன்றுகோல். ஆனால் நாம் சொல்லிக்கொடுத்தது வரிசைப்படுத்துவதையா, மதிப்பெண் விழும் இடங்களையா? விடைத்தாள் திருத்துபவரின் கண்ணில் படவேண்டும் என்பதற்காகவே உட்தலைப்புக்கு அடிக்கோடு போடச் சொல்கிறோம். தன்னை வாசிக்க ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பே இல்லாமல் பிள்ளை எழுதப் பழகிவிடுகிறது.

பாடத்திட்டத்தில் சுதந்திரத்துக்கு இடமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்று ஒரு வினா வருகிறது. ஒரு படம் கொடுத்து, அதைப் பார்த்துச் சொந்தமாக எழுதச் சொல்கிறார்கள். அருமையான வினா அது. அதற்கு நாம் கண்டுபிடித்த வழி என்ன? எந்தப் படம் வந்தாலும் பொருந்தும்படி ஒரு பொதுக் கவிதையை மனப்பாடம் செய்யவைப்பது. காட்சியைக் காணாமலே கவினுற எழுதும் வித்தை! அந்த மனப்பாடக் கவிதைக்கும் மதிப்பெண் விழுகிறது. படத்தை உற்றுப் பார்த்துத் தட்டுத்தடுமாறி எழுதிய பிள்ளைக்குக் குறைந்துவிடுமோ என்ற பயம் இருக்கிறது. பயந்த பிள்ளையிடம் ‘சுதந்திரமாக எழுது’ என்றால் அது எதைப் பிடித்துக்கொள்ளும்?

‘முதலில் மரபைக் கற்கட்டும், பிறகு மீறட்டும்’ என்று தமிழாசிரியர்கள் சொல்வதுண்டு. எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனால் மரபை நாம் கற்பிக்கிறோமா என்பதுதான் என் சந்தேகம். பத்தாம் வகுப்பு மாணவர் ஒரு குறளை அசை பிரிப்பார், தேமா, புளிமா என்று வாய்பாடு சொல்வார், ஈற்றுச் சீர் நாளா மலரா காசா பிறப்பா என்று கண்டுபிடிப்பார். தன் பூனையைப் பற்றி ஒரு வெண்பா எழுதிப் பார் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. பென்சிலால் கோடு போட்டுப் பிரித்த தளையை வாயால் ஒரு முறைகூடச் சொல்லிப் பார்த்திருக்க மாட்டார். காய்க்குப் பின் நேர் வரும்போது ஓசை எப்படிச் செல்கிறது என்பது காதுக்குத் தெரியவேண்டும். அது தெரியாதவருக்கு விதி வெறும் வினா விடை. அதில் அவர் எதையும் செய்து பார்த்ததில்லை. பிறகு எதை மீறுவது?

பாரதி சிறுவனாக எட்டயபுரத்தில் மரபுப் பாட்டுக் கட்டியவர். யாப்பு கைவந்த பிறகுதான் ‘காட்சி’ என்ற வசன கவிதையை எழுதினார். வால்ட் விட்மனின் யாப்பை மீறிய பாட்டைப் பற்றிக் கட்டுரையும் எழுதியிருக்கிறார். 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழில்தான் புதுக்கவிதை காலூன்றியது. யாப்பைக் கைவிட்டு எழுதுவது அங்கே சும்மா நடந்துவிடவில்லை. விமர்சனமும் விவாதமும் பக்கம் பக்கமாக நடந்தன. இன்னும் பின்னால் போனால் தொல்காப்பியர் செய்யுளின் எட்டு வனப்புகளில் ஒன்றாக ‘விருந்து’ என்பதை வைத்திருக்கிறார். புதிதாக வந்த யாப்பில் பாடுவது அது. வீட்டுக்கு வந்த புதியவருக்கு என்ன பெயரோ அதே பெயர். நம் பழைய இலக்கணமே புதியதற்குத் திண்ணையில் இடம் போட்டிருக்கிறது. வகுப்பறையில் அந்தத் திண்ணை எங்கே?

கல்லூரிக்குப் போனதும் இதே பிள்ளைகள் இன்னொரு பக்கம் சாய்கிறார்கள். உரைநடை வாக்கியத்தை நான்காக மடித்துப் போட்டுக் கவிதை என்கிறார்கள். ஏன் அங்கே மடித்தாய் என்று கேட்டால் விடை இல்லை. அவர்களைக் கேலி செய்வது தவறு. வரி எங்கே நிற்க வேண்டும் என்பதை அவர்களோடு உட்கார்ந்து யாரும் பேசியதில்லை.

பெரிய சீர்திருத்தம் எதையும் நான் கேட்கவில்லை. வாரம் ஒரு பாடவேளை, மதிப்பெண் போடாத ஒரு நோட்டு. அதில் வெண்பாவும் எழுதலாம், தெருவில் கண்டதையும் எழுதலாம். ஆசிரியர் சிவப்பு மையை மூடிவைத்துவிட்டு, படித்ததற்கு அடையாளமாக ஒரு கேள்வி மட்டும் எழுதித் தரட்டும். அந்த மாணவியின் தாளில் ‘ஆயா அப்புறம் என்ன சொன்னாங்க?’ என்று நான் எழுதினேன். மறுபக்கம் திருப்பி இன்னும் பத்து வரி எழுதினாள்.

‘காட்சியைக் கண்டு’ வினாவுக்கு விடைக்குறிப்பு தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘படத்தில் உள்ளதைத் தானே கண்டு எழுதியிருந்தால், எழுத்துப்பிழை இருந்தாலும் முழு மதிப்பெண் தருக’ என்ற ஒரு வரியை அதில் சேருங்கள்.