பயிர்க் கணக்கில் உழுபவரின் பெயர்

2024 செப்டம்பர் 2 அன்று ஒன்றிய அமைச்சரவை 2,817 கோடி ரூபாய் மதிப்பீட்டில் டிஜிட்டல் வேளாண் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. விவசாயிகளுக்குத் தனி அடையாள எண், புவியிடக் குறியீடு சேர்த்த கிராம வரைபடம், பருவந்தோறும் கைபேசிச் செயலி வழியே எடுக்கப்படும் பயிர்க் கணக்கு ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று இணைப்பதே இத்திட்டம். 2026-27க்குள் 11 கோடி அடையாள எண்கள் வழங்குவது இலக்கு. இதற்கு முன்பே 2023-24இல் சில மாநிலங்களில் இந்தப் பயிர்க் கணக்கெடுப்பு சோதித்துப் பார்க்கப்பட்டிருந்தது. விவசாயி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டாம், ஒருமுறை பதிவானால் போதும், கடனும் காப்பீடும் நிவாரணமும் அந்தப் பதிவைத் தேடி வரும் என்பது சொல்லப்படும் பயன்.

தமிழ்நாட்டில் இது பேசுபொருளானது 2024 நவம்பரில்தான். வேளாண் கல்லூரி மாணவர்கள் கையில் கைபேசியோடு வயல்களுக்கு அனுப்பப்பட்டனர். இது கிராம நிர்வாக அலுவலர் செய்ய வேண்டிய வேலையா, மாணவர் செய்ய வேண்டிய வேலையா என்று விவாதம் எழுந்தது. சேற்றிலும் புதரிலும் நடக்கும் மாணவருக்குப் பாதுகாப்பு என்ன என்றும் கேட்கப்பட்டது. நியாயமான கேள்விகள்தாம். ஆனால் அந்த மாணவர் வயலில் நின்று படமெடுக்கும்போது, அந்தப் பயிரை நட்டவர் யார் என்ற கேள்வியைச் செயலி கேட்கிறதா என்பதை எந்தக் கட்சியும் எழுப்பவில்லை. தலித் மக்களைப் பொறுத்தவரை விவாதம் தொடங்க வேண்டிய இடம் அதுவே.

பழைய முறையை நாம் போற்றிப் பாட வேண்டியதில்லை. அடங்கல் என்பது ஒவ்வொரு பசலி ஆண்டும், அதாவது சூலை 1 முதல் சூன் 30 வரை, எந்தப் புல எண்ணில் எந்தப் பயிர், எத்தனை ஏக்கர், எந்தப் பாசனம் என்று எழுதிவைக்கும் கிராமக் கணக்கு. பரம்பரைக் கர்ணம் பதவி 1980ஆம் ஆண்டின் இறுதியில் ஒழிக்கப்படும் வரை அந்தக் கணக்கை எழுதிய கை பெரும்பாலும் நிலவுடைமைச் சாதிகளின் கை. சேரியில் இருந்தவர் தன் பெயர் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று எட்டிப் பார்க்கவும் முடியாத காலம் அது. அதன் பின் வந்த கிராம நிர்வாக அலுவலர் முறையிலும் கையூட்டு உண்டு, சாதிச் சாய்வு உண்டு. வயலுக்குப் போகாமலேயே போன ஆண்டுக் கணக்கைப் பார்த்து இந்த ஆண்டுக் கணக்கை எழுதும் வழக்கமும் உண்டு.

ஆயினும் அந்தக் காகிதத்தில் ஓர் இடைவெளி இருந்தது. பட்டா வேறொருவர் பெயரில் இருந்தாலும், வாய்மொழிக் குத்தகைக்கோ வாரத்துக்கோ உழுபவர் அலுவலரிடம் மன்றாடிச் சாகுபடிச் சான்று வாங்க முடிந்தது. அந்தச் சான்று இல்லாமல் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட முடியாது, பயிர்க் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டவும் முடியாது. கிடைக்காதவர் தனியார் வியாபாரி சொன்ன விலைக்கு விற்றார். அல்லது நிலக்காரர் பெயரில் நெல்லைப் போட்டுவிட்டு, பணம் அவர் கணக்கில் விழுந்து தன் கைக்கு வரும் வரை காத்திருந்தார். வெள்ள நிவாரணமும் அப்படியே. பயிர் அழிந்தது ஒருவருக்கு, பணம் வந்தது இன்னொருவருக்கு. இதைக் கேட்டறியாத கிராமம் காவிரிப் படுகையில் இருக்காது.

புதிய முறை இந்த இடைவெளியை எப்படிக் கையாள்கிறது? அதன் வரிசையைக் கவனித்தால் விளங்கும். முதலில் புல எண். புல எண்ணுக்குப் பட்டா. பட்டாவில் உள்ள பெயருக்கு ஆதார். அந்த ஆதாருக்கு விவசாயி அடையாள எண். அதன் மேல்தான் பயிர்ப் பதிவு. விவசாயி யார் என்பது வயலுக்குப் போகுமுன்னரே நில ஆவணத்தில் முடிவாகிவிடுகிறது. வயலில் நடப்பது பயிரை அடையாளம் காணும் வேலை மட்டுமே. குத்தகையாளரைப் பதிவேட்டில் சேர்ப்பதா வேண்டாமா என்பது மாநிலங்களின் கொள்கைக்கு விடப்பட்டிருக்கிறது. முன்பு அலுவலர் மனம் வைத்தால் கிடைத்த ஒன்று, இனி அவர் மனம் வைத்தாலும் கிடைக்காமல் போகலாம். செயலியில் அதற்கான கட்டம் இருக்க வேண்டுமே!

இதனால் இழக்கப் போகிறவர் யார் என்பதற்கு அரசின் எண்களே போதும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடிப் பிடிமானங்களில் பட்டியல் சாதியினருடையவை ஏறத்தாழ 12 விழுக்காடு. பரப்பில் 9 விழுக்காட்டுக்கும் குறைவு. மக்கள் தொகையிலோ 2011 கணக்கின்படி 16.6 விழுக்காடு. ஒரு பிடிமானத்தின் சராசரி அளவு பொதுவாக 1.08 ஹெக்டேர், பட்டியல் சாதியினருக்கு 0.78 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இங்கே ஒன்றைக் கூற வேண்டும். தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் வேளாண் கணக்கெடுப்பே கிராம நிலப் பதிவேடுகளிலிருந்து தொகுக்கப்படுவது. பதிவேட்டில் இல்லாத குத்தகையாளர் அதிலும் இல்லை. வீடு வீடாகச் சென்று கேட்ட 2019 தேசிய மாதிரி ஆய்வோ, ஊரகப் பிடிமானங்களில் 17.3 விழுக்காடு குத்தகை நிலத்தில் நடப்பதாகக் காட்டியது. கேட்டால் தெரியும், பதிவேட்டைப் புரட்டினால் தெரியாது.

எளிமையாக்கம் என்ற பெயரில் ஒரு கட்டம் எப்படிக் காணாமல் போகும் என்பதற்குத் தெலங்கானா சான்று. அங்கே பகாணி எனப்படும் கிராமக் கணக்கில் பட்டாதாரர் பெயருக்குப் பக்கத்தில் அனுபவதாரர் என்றொரு கட்டம் இருந்தது. நிலத்தை உண்மையில் கையில் வைத்து உழுபவரின் பெயர் அதில் ஏறும். 2018இல் தொடங்கிய ரைத்து பந்து உதவித் திட்டம் பட்டாதாரருக்கு மட்டுமே என்றானது. குத்தகையாளர் வெளிப்படையாகவே விலக்கப்பட்டனர். 2020 அக்டோபரில் வந்த தரணி இணையத் தளத்தில் அனுபவதாரர் கட்டமே இருக்கவில்லை. யாரும் யாரையும் வயலிலிருந்து விரட்டவில்லை. பதிவேட்டைச் சீர்செய்தார்கள், அவ்வளவுதான்.

மகாராட்டிரத்தில் 2021 ஆகத்து 15 முதல் மாநிலம் முழுவதும் நடைமுறைக்கு வந்த இ-பீக் பாகணி இன்னொரு வகை. அங்கே விவசாயியே தன் கைபேசியில் பயிரைப் படமெடுத்துப் பதிவு செய்கிறார். தலாத்தியின் தயவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இதன் மதிப்பை நாம் குறைத்துச் சொல்லமாட்டோம். தன் பயிரைத் தானே அறிவிக்கும் உரிமை, கிராமக் கணக்கு ஒரு சாதியின் ஏகபோகமாக இருந்த நாட்டில் சிறிய செய்தி அன்று. ஆனால் செயலிக்குள் நுழையக் கதவு நிலக் கணக்கு எண். மராத்வாடாவில் கைரான் எனப்படும் மேய்ச்சல் புறம்போக்கைத் திருத்தித் தலைமுறைகளாக உழும் தலித் குடும்பங்களுக்கு அந்த எண் இல்லை. தாதாசாகேப் கெய்க்வாட் 1959இலும் 1964இலும் நடத்திய நிலப் போராட்டங்களின் தொடர்ச்சியாகவே அந்த நிலங்களின் மீதான உரிமைக் கோரிக்கை நிற்கிறது. 1990 ஏப்ரல் 14க்கு முன் உழுதுகொண்டிருந்தவர்களின் பிடிமானத்தை முறைப்படுத்த 1991இல் அரசு முடிவெடுத்தபோது, எந்த ஆண்டு முதல் உழுகிறாய் என்பதற்குச் சான்று கேட்கப்பட்டது. பயிர்க் கணக்கில் ஒரு வரி அங்கே எவ்வளவு பெரிய சொத்து என்பதை அதிலிருந்து ஊகிக்கலாம்.

தமிழ்நாட்டிலும் இதே நிலைதான். புறம்போக்கில் உழுபவருக்கு 1905ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் பி மெமோ, தண்டனைச் சீட்டாகவே எழுதப்பட்டாலும், பின்னாளில் அனுபவத்துக்கு ஆதாரமாகப் பலருக்குக் கைகொடுத்தது. பஞ்சமி நிலத்தின் கதை இதற்கு நேர் எதிர்த் திசையில் ஓடுகிறது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் அளித்த அறிக்கையின் பேரில் 1892இல் ஒதுக்கப்பட்ட, 12 லட்சம் ஏக்கர் என்று பரவலாகச் சொல்லப்படும் அந்நிலங்களில் பெரும்பகுதி இன்று பிறர் கையில். காரணை நிலத்துக்காக 1994 அக்டோபரில் எழுந்த போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். அத்தகைய நிலத்தில் இன்று பயிர் செய்பவரின் பெயரைச் செயலி, மூலப் பதிவேட்டை ஒப்பிடாமல், விவசாயி என்று ஏற்றால் பறித்தவருக்குப் புதிய ஆவணம் கிடைக்கும். தண்ணீரும் முதலும் இன்றித் தலித் குடும்பம் தரிசாகப் போட்ட ஒப்படை நிலத்தைப் பருவந்தோறும் படத்தோடு தரிசு என்று பதிந்துகொண்டே போனால், நிபந்தனை மீறல் என்று பட்டாவை ரத்து செய்யக் கோப்பு தானாகவே உருவாகும்.

இதனாலேயே தரவே தர வேண்டாம், இது கண்காணிப்பு என்று தோழர்கள் சிலர் வாதிடுகிறார்கள். அந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டு. ஆனால் பட்டா உள்ளவருக்கு ஒதுங்கி நிற்பது ஒரு தேர்வு. பட்டா இல்லாதவருக்கு அது தண்டனை. நம் கோரிக்கை உள்ளே நுழைவதற்கானதாக இருக்க வேண்டும் என்றே கருதுகிறோம்.

எப்படி நுழைவது என்பதில் ஆந்திரத்தின் அனுபவம் உதவும். 2011இல் அங்கே இயற்றப்பட்ட உரிமம் பெற்ற சாகுபடியாளர் சட்டம், குத்தகையாளருக்குக் கடன் தகுதி அட்டை வழங்கியது. நில உரிமையாளரின் ஒப்புதலை அது கட்டாயமாக்கவில்லை. 2019இல் வந்த புதிய சட்டம் உரிமையாளர் கையெழுத்திட்டால்தான் 11 மாத அட்டை என்றது. அட்டையால் நில உரிமை மாறாது என்று சட்டமே உறுதி சொல்லியும் கையெழுத்துக்கு அஞ்சுகிறவர் அஞ்சிக்கொண்டேதான் இருக்கிறார். இங்கே 1955ஆம் ஆண்டுக் குத்தகையாளர் பாதுகாப்புச் சட்டத்துக்கும், 1969ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்துக்கும் பயந்து ஆண்டுதோறும் ஆளை மாற்றும் நிலக்காரர்களை நாம் அறிவோம். நிலக்காரரின் ஒப்புதலைக் கேட்கும் எந்தப் படிவமும், எவ்வளவு எளிமையாக இருந்தாலும், சேரிக்கு வந்து சேராது.

ஆகவே தமிழ்நாடு அரசிடம் கேட்க வேண்டியது இது: பயிர்ப் பதிவில் பட்டாதாரர், சாகுபடியாளர் என இரண்டு கட்டங்கள் இருக்கட்டும். சாகுபடியாளர் தன் பெயரைத் தானே அறிவிக்கட்டும். மறுப்புள்ளவர் மறுக்கட்டும், விசாரணை நடக்கட்டும்; ஒப்புதல் மட்டும் முன்நிபந்தனையாக வேண்டாம். பஞ்சமி, ஒப்படை நிலப் புல எண்கள் வரைபடத்திலேயே தனி நிறத்தில் தெரியட்டும். அந்த நிலத்தில் வேறொருவர் பெயர் ஏறும்போது வட்டாட்சியருக்கு எச்சரிக்கை போகட்டும். புறம்போக்கில் உழுபவரின் பயிரும் பயிராகவே எண்ணப்படட்டும்.

இது நிறைவேறும் வரை கையில் இருக்கும் கருவி கிராம சபைதான். ஆகத்து 15 கூட்டம் குறுவை நிற்கும் வேளையில் வருகிறது, நவம்பர் 1 கூட்டம் சம்பாப் பருவத்தில். சம்பா நெல்லுக்குக் காப்பீடு செய்யும் கெடு பெரும்பாலும் நவம்பர் 15 என்பதால், இரண்டுக்கும் இடையே இரண்டு வாரம் இருக்கிறது. கிராமத்தின் பயிர்ப் பதிவைப் புல எண்வாரியாகக் கூட்டத்தில் வாசிக்கக் கோரலாம். தன் வயலின் எண் வாசிக்கப்படும்போது, அங்கே உழுவது நான் என்று எழுந்து சொன்னதைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லலாம். சென்ற முறை கைபேசியோடு வயலுக்கு அனுப்பப்பட்ட மாணவர்கள், இம்முறை அந்தக் கூட்டத்தில் காகிதமும் எழுதுகோலுமாக உட்கார்ந்தால் போதும்.