தோல் வியாதியும் பிராணாபாயமும்

மந்தைவெளியிலும் மயிலாப்பூரிலும் சொரியாசிஸ் என்ற பெயரைக் கேளாத குடும்பம் இன்று அபூர்வம். ஆயினும், முழங்கையிலும் தலையிலும் வெள்ளிச் செதில்களோடு சாதுவாகக் கிடக்கும் அந்த வியாதியே ஒரு சமயம் தேகம் முழுவதும் படர்ந்து பிராணாபாயத்தை விளைவிக்கக் கூடும் என்பதைப் படித்தவர்களிலும் பலர் நம்புவதில்லை. தோல் நோயால் எவன் செத்தான் என்பது நம்மவர் சமாதானம்.

சருமத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சிவந்து உரிந்துவிட்டால், தேகத்தின் உஷ்ணம் தங்காமல் சென்னை வெயிலிலும் நோயாளி குளிரால் நடுங்குகிறார். நீரும் புரதமும் கசிந்து கால்கள் வீங்குகின்றன. விரிந்த நாளங்களுக்கெல்லாம் ரத்தத்தை இறைத்து இருதயம் களைக்கிறது. கிருமிகளுக்கோ வாசல் திறந்தே கிடக்கிறது. இன்னொரு வகையில் கடும் ஜுரத்தோடு சீழ்க்கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பும். 1910-இல் ஃபான் சும்புஷ் என்ற மருத்துவர் விவரித்த இந்த வகையில் சீழ் இருந்தாலும் அதில் கிருமி இராது. ஆகையால் கிருமிக்கொல்லி மாத்திரை மட்டும் தின்று காத்திருப்பது காலவிரயம்.

இந்த விபரீதத்துக்குப் பிரதான காரணங்களுள் ஒன்று நாமே வருவித்துக்கொள்வது. டாக்டர் சீட்டின்றி விற்கலாகாத ஸ்டீராய்டு மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கியோ, ஸ்டீராய்டு கலந்திருப்பதை அறியாமல் ஏதோவொரு 'மூலிகைப்' பொடியை உண்டோ, பத்து நாளில் படை மறைந்த மகிழ்ச்சியில் அதைச் சட்டென நிறுத்துகிறவர்களுக்கு, அடங்கியிருந்த நோய் பன்மடங்கு உக்கிரத்தோடு திரும்பக் கூடும். சீட்டுக் கேளாமல் விற்பவரை அதிகாரிகள் கண்டும் காணாதிருப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

உடம்பெல்லாம் சிவந்தவரைச் சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரேயுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை போன்ற ஓர் இடத்தில் உடனே சேர்க்க வேண்டும். மருந்து ஒவ்வாமையும், அரிதாகத் தோலில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோயும் இதே வேஷம் போடுமாதலால், சதைத்துணுக்கு எடுத்துச் சோதித்து நிச்சயிப்பார்கள். சைக்ளோஸ்போரின், அசிட்ரெடின் முதலியவை பழகிய மருந்துகள். கொப்புள வகைக்கென்றே ஸ்பெசோலிமாப் என்ற ஊசி 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

சொரியாசிஸுக்கு நெடுங்காலமாகப் பயன்படும் மலிவான மருந்தாகிய மெதோட்ரெக்ஸேட்டை வாரத்துக்கு ஒரே நாள்தான் உண்ண வேண்டும்; தினந்தோறும் உண்டால் வாய் புண்ணாகி, எலும்பு மஜ்ஜை வாடி, மரணமே நேரக் கூடும். ஆதலின் வைத்தியர்கள் 'வாரம் ஒன்று' என்று எழுதுவதோடு நில்லாமல், ஞாயிறோ புதனோ, கிழமையின் பெயரையே சீட்டில் தமிழில் எழுதித் தர வேண்டும்.